உரோம வெள்ளிக் காசும் அதன் நாணயமும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தந்து நிற்பது. கையில் எடுத்து எண்ணும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பாராட்டும்போது அவரைச் செல்வர் என்று நாம் கருதுவதில்லை. உள்ளும் புறமும் ஒத்தவர் என்றே கருதுகிறோம். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஒரு சிறு வெள்ளிக் காசின் வரலாறு நமக்கு நன்கு விளக்கும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் உரோமப் பேரரசின் அக்கசாலையில் அடிக்கப்பெற்றுக் கடல் கடந்து வந்து, நம் கொங்கு நாட்டு மண்ணுள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த காசு அது. குடமுழுக்கு விழா நிகழும் இந்நன்னாளில் அதன் வரலாற்றைச் சிறிது சிந்திப்போமாக.

காசின் முன்புறம்

உரோமர் தம் வெள்ளிக் காசைத் 'தெனாரியஸ்' என்று அழைத்தனர். அகலத்தில் அது நம் பழைய வெள்ளி நாலணாவை ஒக்கும்; எடையில் அரைப் பவுனுக்குச் சற்றே குறையும். ஓர் உரோம இராத்தல் வெள்ளியில் 84 காசு என்பது கணக்கு. ஆகவே ஒரு காசின் எடை ஏறத்தாழ 3.9 கிராம் ஆகும். இருபத்தைந்து தெனாரியஸ் கொண்டது ஒரு பொற்காசு. அகஸ்டஸ் பேரரசன் காலத்தில் ஒரு படைவீரன் ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற ஊதியம் 225 தெனாரியஸ் என்றால், அக்காசின் மதிப்பு ஒருவாறு விளங்கும்.

இக்காசுகளுள் நாம் எடுத்துக்கொண்டது கி.மு. 2ஆம் ஆண்டு முதலாக அடிக்கப்பெற்றது. அடித்த இடம் லுக்துனம் என்னும் நகரம். இன்று பிரான்சு நாட்டில் லியோன் என வழங்குவது அதுவே. உரோமப் பேரரசர் தம் பொன்னையும் வெள்ளியையும் அந்நகரிலேயே காசாக்கினர் என்று அக்காலத்து நிலநூலாசிரியர் ஸ்திராபோ எழுதியுள்ளார். பட்டடையில் ஓர் அச்சைப் பதித்து, அதன்மேல் காய்ச்சிய வெள்ளி வில்லையை வைத்து, மற்றோர் அச்சைக் கையிற் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அறைவர். அந்த ஓர் அடியில் இருபுறமும் உருவமும் எழுத்தும் பதிந்துவிடும்.

காசின் முன்புறத்தில் அகஸ்டஸின் தலை காணப்படும். முடியில்லை, அதற்கு மாறாக வாகை சூடியோர் அணியும் லாரல் இலை மாலை தலையைச் சுற்றி நிற்கும். சுற்றிலும் சுருக்கி வெட்டப்பட்ட எழுத்துக்கள் 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை' என்று பொருள்படும். இவ்வெழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஆராய்ந்து பொறிக்கப்பட்டவை. அகஸ்டஸைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் கொலையுண்டார். கி.மு. 42இல் உரோமப் பெருமன்றம் அவரைத் தெய்வமாக அறிவித்தது. தந்தை தெய்வமானமையால் மைந்தன் தெய்வத்தின் மகன் ஆனான். 'நாட்டின் தந்தை' என்னும் பட்டம் கி.மு. 2ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. பட்டம் பெற்ற புதிதிலேயே அது காசில் ஏறிவிட்டது.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. பட்டம் பெற்ற ஆண்டில் அகஸ்டஸுக்கு அகவை அறுபது. காசில் உள்ள முகத்திலோ சுருக்கமில்லை, தளர்ச்சியில்லை. கட்டிளமை குன்றாத முகமாகவே சிற்பி அதைச் செதுக்கியிருக்கிறான். பேரரசன் மூப்படையலாம், பேரரசு மூப்படைதல் ஆகாது என்பது அவ்வுருவம் சொல்லும் செய்தியாகும்.

பின்புறத்து இளவரசர் இருவர்

காசைத் திருப்பினால் இரண்டு இளைஞர் நேர்நோக்கி நிற்கக் காணலாம். உரோமக் குடிமக்களுக்குரிய நீண்ட மேலாடை போர்த்திருக்கின்றனர். இருவருக்கும் நடுவே இரண்டு கேடயங்களும் இரண்டு ஈட்டிகளும் உள்ளன. இவ்விளைஞர் அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்கும் படைத்தலைவர் அக்ரிப்பாவுக்கும் பிறந்த காயஸும் லூசியஸும் ஆவர். மூத்தவன் பிறந்தது கி.மு. 20; இளையவன் பிறந்தது கி.மு. 17. ஆண்மகவு இல்லாத அகஸ்டஸ், இளையவன் பிறந்த அவ்வாண்டிலேயே பேரர் இருவரையும் தம் மைந்தராகத் தத்தெடுத்துக்கொண்டார். தம் அரியணைக்கு உரியோர் இவரே என உலகம் அறியவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவ்விருப்பத்தையே காசின் எழுத்துக்கள் பறைசாற்றுகின்றன. அகஸ்டஸின் மைந்தர், ஆட்சித் தலைமைக்குக் குறிக்கப்பெற்றோர், இளைஞர் தலைவர் என்பன அவற்றில் உள்ள பட்டங்கள். உரோமக் குதிரை வீரர் மரபினர் இளவரசர் இருவருக்கும் வெள்ளிக் கேடயமும் ஈட்டியும் அளித்து 'இளைஞர் தலைவர்' எனப் போற்றினர் என்று அகஸ்டஸ் தாமே தம் செயல்களைக் கூறும் கல்வெட்டில் குறித்துள்ளார். காசில் காணும் கேடயமும் ஈட்டியும் அப்பரிசுப் பொருள்களே.

இளவரசர் தலைகளுக்கு மேலே இரண்டு சிறு பொருள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று நீண்ட காம்புடைய சிறு அகப்பை. வழிபாட்டில் தேறலை முகந்து தெய்வத்துக்கு வார்க்க உரோமர் பயன்படுத்தியது. நம் பூசையில் தீர்த்தம் எடுக்கும் உத்தரணியை அது நினைவூட்டும். மற்றொன்று தலை வளைந்த கோல். வானத்தைப் பகுத்துப் பறவைகளின் போக்கை நோக்கிப் புள்நிமித்தம் கூறுவோர் கையில் ஏந்துவது அது. காயஸ் குருமார் குழுவிலும், லூசியஸ் நிமித்தம் கூறுவோர் குழுவிலும் உறுப்பினராயினர். அதனால் அகப்பை அண்ணனுக்கும் கோல் தம்பிக்கும் உரிய அடையாளங்கள் ஆயின.

ஆகவே, கட்டைவிரல் நகத்தினும் சிறிதே பெரிய வெள்ளி வில்லையில் ஒரு பேரரசின் கொள்கை முழுதும் அடங்கிவிட்டது. முன்னே தந்தை, பின்னே மைந்தர். தந்தைக்குத் தெய்வப் பிறப்பு, மைந்தருக்கு வீரமும் வழிபாட்டுரிமையும். செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில் இச்செய்தி கோடிக்கணக்கான கைகளுக்குச் சென்று சேர்ந்தது.

கனவு கலைந்த கதை

மனிதன் ஒன்று நினைக்கக் காலம் வேறொன்று முடித்தது. கி.பி. 2ஆம் ஆண்டில் இசுபானியா நோக்கிச் சென்ற லூசியஸ், வழியில் மசிலியா என்னும் துறைமுக நகரில் நோயுற்று இறந்தான். அவனுக்கு அகவை பத்தொன்பது கூட நிரம்பவில்லை எனலாம். அடுத்த ஆண்டில் ஆர்மீனியாவில் ஒரு கோட்டை முற்றுகையில் காயஸ் புண்பட்டான். அப்புண் ஆறவில்லை. ஊர் திரும்பும் வழியில் கி.பி. 4ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆசியா மைனரிலுள்ள லிமிரா என்னும் ஊரில் அவனும் மாண்டான். ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரு மைந்தரையும் அகஸ்டஸ் இழந்தார். அதே ஆண்டு ஜூன் திங்களில், மனைவி லிவியாவின் முன்னைய மணத்து மகனாகிய திபேரியஸைத் தத்தெடுத்தார். கி.பி. 14இல் அகஸ்டஸ் மறைந்தபின் அரியணை ஏறியவர் அவரே.

இளவரசர் இறந்தபின்னும் அவர்தம் உருவம் தாங்கிய காசு நாடெங்கும் உலவியது. இறப்புக்குப் பின்னும் சில காலம் அவ்வச்சிலேயே காசு அடிக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உளர். எந்நம்பிக்கையை ஊருக்கு உரைக்க அக்காசு பிறந்ததோ, அந்நம்பிக்கை அழிந்தபின்னும் காசு அழியவில்லை.

பிரான்சின் தென்பகுதியில் நீம் என்னும் ஊரில் அவ்விளவரசர்க்கு எடுக்கப்பட்ட கோயில் ஒன்று இன்றும் நிற்கின்றது. உரோமர் கோயில்களுள் இதுபோல் சிதையாது நிற்பன மிகச் சில. அதன் முகப்பில் இருந்த வெண்கல எழுத்துக்கள் எப்போதோ பெயர்க்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பொருத்த இட்ட துளைகளே எஞ்சின. 1758ஆம் ஆண்டில் சேகியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அத்துளைகளின் அமைப்பை ஆராய்ந்து, மறைந்த எழுத்துக்களை உய்த்துணர்ந்தார். அகஸ்டஸின் மைந்தர், இளைஞர் தலைவர் என்று காசில் கண்ட அதே பட்டங்கள் அங்கும் வெளிப்பட்டன. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கட்டடம் நிற்கின்றது; வழிபாடு இல்லை; வழிபடப்பட்டோரின் பெயரைக் கூடத் துளைகளை எண்ணி அறியவேண்டியதாயிற்று.

கடல் கடந்த காசு

இக்காசு தமிழகம் வந்த வழியை இனி நோக்குவோம். லுக்துனத்தில் பிறந்த காசு வணிகர் கையில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவை அடையும். அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே கோப்தோஸ் என்னும் ஊர் செல்லும். பின் ஒட்டகங்களின் மேல் பாலை கடந்து செங்கடல் துறைகளுக்குப் போகும். மியோஸ் ஹோர்மோஸ் என்னும் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியா நோக்கிப் புறப்பட்டன என்று ஸ்திராபோ கூறுகிறார். பருவக்காற்று துணை நின்றால் செங்கடல் வாயிலிலிருந்து நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்பது பிளினி தரும் கணக்கு. முசிறிக்குக் காசு மிகுதியாகக் கொண்டுவரப்பட்டது என்று முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடற் செலவு' என்னும் கிரேக்க நூல் குறிக்கின்றது. யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி நம் அகநானூற்றின் 149ஆம் பாட்டிலும் உள்ளது.

முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கினால் கொங்கு நாடு. அங்கே நொய்யலாற்றை ஒட்டிப் பெருவழி கருவூர் நோக்கிச் செல்லும். பச்சைக்கல்லும் பிறமணியும் கடைந்த கொடுமணலும் அந்த ஆற்றங்கரையிலேயே உள்ளது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலும் 1891ஆம் ஆண்டிலும், முறைக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸும் திபேரியஸும் அடித்தவை. தென்னாட்டில் கிடைக்கும் உரோம வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொண்டால் இரண்டு வகையே மிகுதி. ஒன்று நாம் கண்ட இளவரசர் காசு. மற்றொன்று திபேரியஸின் தலையும், பின்புறம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண்ணுருவமும் கொண்டது. அப்பெண் அமைதித் தெய்வம் என்பர் சிலர். பேரரசனின் தாய் லிவியா என்பர் சிலர்.

இரண்டு வினாக்கள்

இக்காசைக் கையில் எடுத்து அந்நூற்றாண்டில் இருவர் இருவேறு நோக்கில் ஆராய்ந்த செய்தி நூல்களில் காணப்படுகின்றது. பேரரசனுக்கு வரி கொடுத்தல் தகுமோ என்று சிலர் ஏசுபெருமானிடம் வினவியபோது, அவர் ஒரு தெனாரியஸைக் கொணரச் செய்து அதிலுள்ள உருவம் யாருடையது என்று கேட்டதாக விவிலியம் கூறும். அது திபேரியஸின் காசாகலாம் என்பது நெடுநாளைய கருத்து.

மற்றவர் ஈழத்து மன்னர். அச்செய்தியைப் பிளினி எழுதிவைத்துள்ளார். செங்கடல் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த ஆன்னியஸ் பிளோகாமஸ் என்பவரிடம் அடிமை நீங்கிய ஒருவன் பணியாற்றி வந்தான். அரபு நாட்டைச் சுற்றிக் கப்பலில் சென்றபோது காற்றால் அலைக்கழிக்கப்பட்டு இலங்கைத் துறை ஒன்றில் அவன் ஒதுங்கினான். ஆறு திங்கள் அவனை விருந்தோம்பிய மன்னர், அவனிடமிருந்த தெனாரியஸ்களை நோக்கினார். முகங்கள் வேறு வேறாயிருந்தன. பல அரசர் பல காலத்தில் அடித்தவை என்பது தெளிவாயிற்று. ஆயினும் எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. இத்தகைய காசை அடிக்கும் மக்கள் நேர்மையுடையோர் என வியந்த மன்னர், உரோமுக்குத் தூதர் நால்வரை அனுப்பினார். இது கிளாடியஸ் பேரரசன் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நிகழ்ந்தது.

அன்பர்கள் இச்செய்தியை ஊன்றி நோக்கவேண்டும். தெய்வத்தின் மகன் என்னும் பட்டமும், மூப்பறியா முகமும், இளவரசரின் கேடயமும் ஈட்டியும் அம்மன்னரை வணங்கச் செய்யவில்லை. அவற்றைப் பொறித்தவர் எதிர்பார்த்த மதிப்பு ஒன்று. அயல்நாட்டார் அளித்த மதிப்பு மற்றொன்று. நம் நாட்டு வணிகரும் அவ்வாறே கருதினர் போலும். இலத்தீன் எழுத்தறியாத கைகள் இவ்விருவகைக் காசுகளையும் பார்த்துச் செய்த போலிகள் இந்நாட்டில் கிடைத்துள்ளன. அவற்றில் எழுத்து எழுத்தாக இல்லை. கோடும் புள்ளியுமாகச் சிதைந்துள்ளது. இளவரசர் யார் என்பதை அச்சு வெட்டியவன் அறிந்திருக்க வேண்டியதில்லை. அவ்விருவர் நிற்கும் வெள்ளி நல்ல வெள்ளி என்பது ஊரறிந்த செய்தி. அதுவே அவனுக்குப் போதுமானது. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருக்கின்றது. காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. முகத்தை வெட்டியவர் பொன்னைப் போற்றிப் புதைத்து வைத்தனர் என்பதில் ஐயமில்லை.

எடை குறைந்த நாள்

இந்நம்பிக்கை எவ்வாறு தேய்ந்தது என்பதையும் அறிதல் வேண்டும். கி.பி. 64ஆம் ஆண்டில் உரோம நகரைப் பெருந்தீ அழித்தது. நீரோ மன்னன் அவ்வாண்டளவில் காசின் எடையைக் குறைத்தான். ஓர் இராத்தலுக்கு 84 என்றிருந்த தெனாரியஸ் 96 ஆயிற்று. ஒரு காசு 3.4 கிராம் அளவே நின்றது. வெள்ளியின் மாற்றும் தாழ்ந்தது. முகம் முன்னையினும் அழகுறவே செதுக்கப்பட்டது, உள்ளீடுதான் குறைந்தது. அதன் பின்னர் அடிக்கப்பெற்ற உரோம வெள்ளிக் காசுகள் தென்னாட்டுப் புதையல்களில் அருகியே காணப்படுகின்றன. தரமறிந்த வணிகர் பழைய அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளையே தேர்ந்தெடுத்துப் பிற்காலத்திலும் இங்கு அனுப்பினர் என்று அறிஞர் சிலர் கருதுவர். வடக்கே ஜெர்மானியரும் நெடுநாள் பழகிய பழங்காசுகளையே விரும்பி ஏற்றனர் என்று தாசித்தஸ் என்னும் வரலாற்றாசிரியர் கி.பி. 98இல் எழுதியுள்ளார். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டு மக்கள் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்புக்குரியது, ஆயினும் இயல்பே. மொழி தெரியாதவனுக்கும் துலாக்கோல் தெரியும்.

பிற்காலத்துப் பேரரசர் மேலும் மேலும் செம்பைக் கலந்தனர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளிக் காசு எனப்பட்டது வெள்ளிப் பூச்சிட்ட செம்பாகவே ஆகிவிட்டது. அக்காசுகளிலும் பேரரசரின் முகம் இருந்தது. தெய்வங்களின் உருவம் இருந்தது. பெரும் பட்டங்களும் இருந்தன. அவற்றை நம்புவோர்தாம் குறைந்தனர்.

நின்றது எது?

அகஸ்டஸின் பேரரசு இன்றில்லை. அவர் எண்ணிய மரபு அவர் கண்முன்னரே முறிந்தது. ஆயினும் அவர் காலத்துக் காசின் பெயர் நிலைத்தது. தெனாரியஸ் என்பது வடமொழியில் 'தீநாரம்' ஆயிற்று. குப்தர் காலத்தில் அச்சொல் பொற்காசைக் குறித்தது. கி.பி. 412-13ஆம் ஆண்டுக்குரிய சாஞ்சிக் கல்வெட்டு ஒன்று, ஆம்ரகார்த்தவன் என்னும் அதிகாரி 25 தீநாரம் அளித்த அறத்தைக் கூறும். அதன் வருவாயிலிருந்து துறவியர்க்கு உணவு அளிக்கவும் விளக்கு எரிக்கவும் அவன் ஏற்பாடு செய்தான். இளவரசரின் புகழைப் பரப்பப் பிறந்த காசின் பெயர், பல நூற்றாண்டு கழிந்தபின் மற்றொரு நாட்டில், பசித்தோர் உணவுக்கும் இருளகற்றும் விளக்குக்கும் இட்ட அறக்கட்டளையில் வந்து நின்றது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உரோமக் காசுகள் உள்ளன. அன்பர்கள் அங்குச் செல்லும்போது இளவரசர் காசு கண்ணிற்பட்டால் சற்றே நின்று நோக்குக. தலைக்கு மேலே அகப்பையும் கோலும் தெரியும். இருபது அகவையும் நிரம்பாது மாண்ட தம்பியும், அயல்மண்ணில் உயிர்நீத்த அண்ணனும் கேடயத்தின் அருகே என்றும் இளைஞராய் நிற்பர். மைந்தரை முன்னிறுத்தி மகிழ்ந்த முதியவரின் ஆசையை எண்ணி நம் நெஞ்சு சிறிது நெகிழும். ஆயினும் அக்காசு இத்துணைத் தொலைவு வந்ததற்கு அவ்வுருவங்கள் காரணம் அல்ல; உருவத்தின் அடியில் குறையாதிருந்த வெள்ளியே காரணம்.

முகம் மாறும்; பட்டம் மாறும்; அரசும் மாறும். குறையாத எடையே நாணயம். காசுக்கு உரியது அதுவே. காசை ஆளும் மாந்தர்க்கு உரியதும் அதுவே.